காவல் நாய்க்குக் காலையில் மட்டும் ஏன் பேதி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நாய்களின் சாப்பாடு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய, வீட்டு நாய்களைப் பற்றியவையே இல்லை. வட சென்னையில் மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் குடோனும் கன்டெய்னர் யார்டும் காக்கிற நாய்கள், ஹேண்ட்லரோடு டூட்டிக்குப் போகிற நாய்கள், காசிமேட்டில் வலைக்கும் படகு இன்ஜினுக்கும் காவல் கிடக்கிற நாய்கள். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி எல்லாம் வயிற்றில்தான் வந்து நிற்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க வேலை செய்யும் நாய்களின் குடல் பற்றியே எழுதுகிறேன். பேதி, மலம் என்று வெளிப்படையாகத்தான் எழுதியாக வேண்டும், யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் யார்டில் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்ட், ஒரு லேப்ரடார், மூன்றுக்கும் நைட் டூட்டி. காலை ஆறரைக்கு ஷிப்ட் முடிந்ததும் சாப்பாடு, ஏழு மணிக்கு ஹேண்ட்லர் ஓட்டப் பயிற்சி கொடுப்பார். ஓட ஆரம்பித்ததும் முதல் தடவை கெட்டியாகப் போகிறது, அடுத்த தடவை கூழ் மாதிரி, மூன்றாவது தடவை சளியும் லேசாக ஒரு ரத்தக் கோடும். அப்புறம் நாள் முழுக்க நார்மல். புரோபயாட்டிக் பவுடர், மல்டிவைட்டமின் சிரப், லிவர் டானிக் மூன்றும் கொடுக்கிறோம். பவுடரை மாற்ற வேண்டுமா டாக்டர்? – செக்யூரிட்டி சூப்பர்வைசர், மணலி

பதில்: பவுடர் அப்படியே இருக்கட்டும் சார், முதலில் மாற வேண்டியது நேரம். ஆறரைக்குச் சாப்பாடு போட்டு ஏழு மணிக்கு ஓட விடுகிறீர்கள். வயிறு நிறைந்த நாயை ஓட விட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சாப்பிட்டதும் குடல் நிறைய ரத்தம் கேட்கும். ஓடுகிற நாயின் தசையும் ரத்தம் கேட்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மூச்சிரைத்து நாக்கு வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும், அதனால் வாய்க்கும் நாக்குக்கும் தோலுக்கும் வேறு ரத்தம் ஓட வேண்டியிருக்கிறது. இந்த இழுபறியில் தோற்பது குடல். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒரு முறை முழுசாகப் புதுப்பிக்கப்படுகிற திசு, ரத்தம் குறைந்தால் உடனே வாடிவிடும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கிற பிடிப்பு தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாவின் கழிவு ரத்தத்துக்குள் கசிகிறது. கூடவே ஓட்டமும் பரபரப்பும் பெருங்குடலை வேகமாகத் தள்ள வைக்கின்றன, தண்ணீரை உறிஞ்ச அதற்கு நேரமே கிடைப்பதில்லை. முதலில் வருவது ஏற்கெனவே தயாராக இருந்த மலம், அதனால் கெட்டி. அடுத்தது பாதி வழியில் அவசரமாகத் தள்ளப்பட்டது. கடைசியில் வரும் சளி, எரிச்சல்பட்ட பெருங்குடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்தது. நீங்கள் எழுதிய வரிசை அப்படியே பாடப்புத்தகத்தில் இருக்கிற வரிசைதான், கவனித்து எழுதியதற்கு நன்றி.

இது நம் ஊர் நாய்க்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லை. அலாஸ்காவில் இடிடராட் என்று பனியில் சுமார் 1,600 கிலோமீட்டர் வண்டி இழுக்கும் பந்தயம் நடக்கிறது. அதில் ஓடிய நாய்களுக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய பாதி நாய்களின் இரைப்பையில் புண்ணோ அரிப்போ இருந்தது என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல தீனி தின்று, நல்ல கவனிப்பில் இருக்கிற, பழக்கப்பட்ட நாய்களின் நிலையே அது. அங்கே கடும் குளிர், இங்கே மணலியில் கான்கிரீட் தரையும் சுற்றிலும் இரும்பு கன்டெய்னரும். மே மாதம் காலை ஏழரைக்கே தரையில் புறங்கையை வைத்துச் சில நொடி தாங்க முடியவில்லை என்றால், அந்தச் சூட்டில் ஓடும் நாயின் குடல் இன்னும் மோசமாகத்தான் அடிபடும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுத்து ஒரு பத்து நிமிஷம் கயிற்றைத் தளர்த்திச் சும்மா நடக்க விடுங்கள், மலம் கழித்து வயிறு காலியாகட்டும். அப்புறம் பயிற்சி, அதுவும் வெயில் ஏறுவதற்குள். கோடையில் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் முன்னாலேயே பயிற்சியை முடித்துவிட முடிந்தால் ரொம்ப நல்லது. பயிற்சி முடிந்து மூச்சிரைப்பு முழுசாக அடங்கி, ஒரு மணி நேரமாவது ஆன பிறகுதான் சாப்பாடு. மாலையில் டூட்டிக்கு இறங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் இரண்டாவது சாப்பாடு. ஓட்டத்தையும் முதல் நாளே முழு வேகத்தில் ஆரம்பிக்காமல் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள். தசை பழகுவது போலக் குடலும் பழகும், பழகிய நாய்க்கு இந்தப் பேதி குறையும். மிதமான, தினசரி உடற்பயிற்சி குடலுக்கு நல்லதுதான், நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய்க்கு மலச்சிக்கல் வருவதையும் நான் நிறையப் பார்க்கிறேன். திடீரென்று கொடுக்கும் கடும் ஓட்டம்தான் கெடுக்கிறது.

இப்போது சப்ளிமெண்ட். உங்கள் லிவர் டானிக்கை இன்றோடு நிறுத்தலாம். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலில் கோளாறு தெரியாத நாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அதில் இருக்கும் இனிப்பு சிரப் வேறு சில நாய்களுக்குக் கழிச்சலைக் கிளப்பிவிடும். பாக்கெட் தீனி கொடுக்கிறீர்கள் என்றால் மல்டிவைட்டமினும் தேவையில்லை, எல்லாம் அதிலேயே இருக்கிறது. சோறும் சிக்கனும் மட்டும்தான் என்றால் கதை வேறு. அதில் முக்கியமாகக் கால்சியம் பத்தாது, அதற்கு ஏதோ ஒரு சிரப் போதாது, நாயின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு எழுதி வாங்க வேண்டும்.

உங்கள் நாய்களுக்கு நான் சேர்க்கச் சொல்வது இசப்கோல். ஆமாம், மெடிக்கல் ஷாப்பில் நாம் மலச்சிக்கலுக்கு வாங்குகிற அதே உமிதான். மலச்சிக்கலுக்கும் பேதிக்கும் ஒரே மருந்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது தண்ணீரை இழுத்துக் கூழாக நிற்கும், அதனால் இறுகிய மலம் இளகும், இளகிய மலம் சேர்ந்து வரும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா நார்ச்சத்தில் ஒரு பகுதியைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தயாரிக்கிறது, பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. போர்ச்சுகலில் போலீஸ் நாய்களுக்கு, நாள்பட்ட பெருங்குடல் பேதி இருந்த நாய்களுக்கு, இதே உமியைக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள், 2021இல் அது வெளியானது. 30 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். முன்கூட்டியே தண்ணீரில் ஊற வைத்து, கூழானதும் சாப்பாட்டில் பிசைந்து கொடுங்கள். காய்ந்த உமியை அப்படியே தூவக் கூடாது, வயிற்றுக்குள் போய் ஊறி அடைத்துக்கொள்ளும்.

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா, வேண்டாம் என்று சொல்லவில்லை. 2013இல் பனிவண்டி நாய்களுக்கு நல்ல பாக்டீரியாவையும் அதற்கு உணவான நாரையும் சேர்த்துக் கொடுத்தபோது பேதி இருந்த நாட்கள் குறைந்தன. ஆனால் டப்பாவில் ‘புரோபயாட்டிக்’ என்று எழுதியிருந்தால் போதாது, எந்த பாக்டீரியா, எந்த ரகம், ஒரு பொட்டலத்தில் எத்தனை கோடி, எந்தத் தேதி வரை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். நாய்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று என்டரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 என்ற ரகம். இன்னொன்று, அது உயிருள்ள பொருள். உங்கள் காவல் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் முழுக்க அலமாரியில் இருந்த டப்பாவில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும்? வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கவோ சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்கவோ முடிந்தால் கொடுங்கள். டூட்டி இடம் மாறுவதற்கு, ரயிலில் வேனில் ஏற்றுவதற்கு, கூட்டம் நிறைந்த பந்தோபஸ்துக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தால் பயன் அதிகம், அந்த மாதிரி அலைச்சலில்தான் டூட்டி நாய்களுக்குப் பேதி அதிகம் வருகிறது.

ஓய்வு நாளிலும் சளியும் ரத்தமும் வந்தால் இது ஓட்டத்தால் வந்தது இல்லை என்று அர்த்தம், மலத்தை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு நாயோடு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கேள்வி: காசிமேட்டில் எங்கள் படகையும் வலையையும் பார்த்துக்கொள்ள நாட்டு நாய் ஒன்று வைத்திருக்கிறோம். தினமும் மீன்தான், நெத்திலி, காரப்பொடி, எது மிச்சமோ அது. பச்சையாகவே தின்னும். கொஞ்ச நாளாக மெலிந்துகொண்டே போகிறது, மலம் கறுப்பாக இருக்கிறது. மீன் ஒத்துக்கொள்ளவில்லையா? இதையும் டூட்டி நாய் கணக்கில் சேர்ப்பீர்களா மேடம்? – மீனவர், காசிமேடு

பதில்: சேர்க்காமல் என்ன அண்ணா? ராத்திரி முழுக்கத் தூங்காமல் உங்கள் பொருளைக் காக்கிறதே, அதை விட என்ன டூட்டி வேண்டும்?

கறுப்பு மலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குடலின் மேல்பகுதியில் ரத்தம் கசிந்தால் அது செரித்து, தார் மாதிரி கறுப்பாக வெளியே வரும். கீழ்ப்பகுதியில் கசிந்தால் சிவப்பாகவே வரும். மேலே மணலிக்காரர் எழுதியது இரண்டாவது வகை, உங்களுடையது முதல் வகை. மணலில் படுக்கும் நாய், மெலிவு, கறுப்பு மலம் மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் கொக்கிப்புழு. அது குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு. ஈர மணலும் நம் ஊர் வெப்பமும் அதன் குஞ்சுகளுக்கு ரொம்பப் பிடித்த இடம். வாய் வழியாக மட்டும் இல்லை, பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே ஏறிவிடும். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துத் தாளாக இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், ரத்தசோகை முற்றிவிட்டது. இல்லையென்றாலும் இந்த வாரத்துக்குள் மலப் பரிசோதனை செய்து, எடை பார்த்து, பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விடாமல் கொடுங்கள். அந்த மணலில் செருப்பில்லாமல் விளையாடும் பிள்ளைகளின் காலிலும் இந்தப் புழுக்குஞ்சு ஏறி, தோலுக்கடியில் கோடு கோடாக ஊரும். நாய்க்கு மருந்து கொடுப்பது பிள்ளைகளுக்காகவும்தான்.

மீன் நல்ல தீனி. பச்சையாகத்தான் கொடுக்கக் கூடாது. நெத்திலி மாதிரிச் சில மீன்களில் தயாமினேஸ் என்ற ஒன்று இருக்கிறது, அது உடம்பில் இருக்கும் பி1 வைட்டமினை அழித்துவிடும். மாதக் கணக்கில் அதையே பச்சையாகத் தின்னும் நாய்க்குப் பசி குறையும், தள்ளாடும், வலிப்பு கூட வரலாம். வேகவைத்தால் அது செயலிழந்துவிடும், மீனில் இருக்கும் புழுவும் செத்துவிடும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் போடாமல் ஒரு கொதி, சோறும் கொஞ்சம் பரங்கிக்காயும் சேர்த்துப் பிசைந்து போடுங்கள். பெரிய மீனின் முள்ளை எடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஏலம் முடிந்து வெயிலில் கிடந்து நாறிய மீனும் வேண்டாம், மீனைச் சாப்பிடுகிற நாய்க்கு மீன் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம்.

கேள்வி: ராஜபாளையம் நாய், இரண்டு வயது, போட்டிகளுக்கும் காவலுக்கும் பழக்குகிறேன். காலை ஓட்டம் முடிந்ததும் குளுக்கோஸ் தண்ணீர், ஜிம்முக்கு நான் வாங்கும் வே புரோட்டீன், எலக்ட்ரோலைட் எல்லாம் கொடுக்கிறேன். ராத்திரி ஒரே வேளை, வயிறு முட்ட. போன வாரம் சாப்பிட்டதும் வெளியே விட்டேன், குதித்து விளையாடியது, அப்புறம் வயிறு உப்பி ரெண்டு மூன்று தடவை ஓங்கரித்தது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கவலைப்பட வேண்டுமா? – தண்டையார்பேட்டை

பதில்: கண்டிப்பாகக் கவலைப்பட வேண்டும் தம்பி. ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன், கிரேட் டேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முறுக்கினால் மேல் வாயும் அடைபடும், கீழ் வாயும் அடைபடும், இரைப்பைக்குப் போகும் ரத்தம் நிற்கும், இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை உப்பிய வயிறு நசுக்கும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி.

அடையாளம் இதுதான். வாந்தி எடுக்கப் பார்க்கும், எதுவும் வராது, எச்சில் நுரைதான் வரும். ஓரிடத்தில் நிற்காது, படுக்காது, வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் தட்டினால் தப்பு மேளம் மாதிரிச் சத்தம் கேட்கும். இதைப் பார்த்ததும் ஓமத் தண்ணீர், சோடா, ஜெலுசில் என்று எதையும் வாயில் ஊற்றிக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், ஆட்டோவோ வேனோ பிடித்து நேராக ஆபரேஷன் வசதி இருக்கும் இடத்துக்குப் போங்கள். கிளம்பும்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள். போன வாரம் உங்கள் நாய்க்கு வந்தது வெறும் உப்புசமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனாலும் ஒரு முறை உப்பிய நாய் என்பதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்து வைக்கும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது, அமெரிக்க ராணுவத்தில் பெரிய வேலை நாய்களுக்கு முன்கூட்டியே அதைச் செய்துவிடுகிறார்கள். உங்கள் நாய்க்குத் தேவையா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

ஒரே வேளை முட்ட முட்டப் போடுவதை விட்டுவிடுங்கள். அதையே இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், விழுங்குகிற நாயாக இருந்தால் அகலத் தட்டில் பரப்பிப் போடுங்கள். சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரமாவது குதியாட்டம் கூடாது. கிண்ணத்தை உயரமான ஸ்டாண்டில் வைத்தால் உப்புசம் வராது என்று சிலர் சொல்கிறார்கள், அமெரிக்காவில் பெரிய நாய்களை வைத்து 2000இல் நடந்த ஆய்வில் நேர் எதிராகத்தான் வந்தது, உயரத்தில் வைத்துச் சாப்பிட்ட நாய்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே தரையிலேயே வையுங்கள்.

நீங்கள் கொடுக்கும் பொருட்களைப் பற்றி. நாய்க்கு வியர்வையில் உப்பு போவதில்லை, மூச்சிரைப்பில் போவது தண்ணீர். அதனால் நம் ஓட்டக்காரர்களுக்கான எலக்ட்ரோலைட் அதற்கு அன்றாடம் தேவைப்படாது, பேதியோ வாந்தியோ இருந்தால்தான் அந்தப் பேச்சு. சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டத்துக்கு நடுவிலும் கொடுங்கள். முடிந்ததும் ஒரு வாளியை மடமடவென்று குடிக்க விட வேண்டாம், கூடவே நிறையக் காற்றையும் விழுங்கும். தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கிற நாய்க்கு வேகவைத்த சிக்கன் தண்ணீரை ஒரு கரண்டி கலந்தால் குடித்துவிடும். குளுக்கோஸை நிறுத்துங்கள். வெறும் வயிற்றுக்குள் இறங்கும் அவ்வளவு இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்துக் கழிச்சலை உண்டாக்கும், அதோடு நீண்ட நேரம் உழைக்கும் நாய் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. வே புரோட்டீன் டப்பாவைத் திருப்பி, பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். சைலிடால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற இனிப்பு) என்று இருந்தால் அது நாய்க்கு விஷம், சாக்லேட் ஃபிளேவரும் ஆகாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கி வேகவைத்துக் கொடுக்கலாம்.

எவ்வளவு சாப்பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயிறு முட்டப் போடுவதற்குக் காரணம் பயம்தான், வேலை செய்கிற நாய் இளைத்துவிடுமோ என்று. 30 கிலோ நாய் சும்மா படுத்திருக்க ஏறக்குறைய 900 கலோரி போதும். காலையில் அரை மணி ஓடி மீதி நேரம் காவல் காக்கும் நாய்க்கு அதைப் போல ஒன்றரை மடங்கு, மிஞ்சிப் போனால் இரண்டு மடங்கு. நாளுக்கு 10,000 கலோரி தின்பது பந்தயத்தில் ஓடும் பனிவண்டி நாய், அந்தக் கணக்கை யூடியூபில் பார்த்துவிட்டு நெய்யும் கொழுப்பும் ஊற்றினால் கணையம் வீங்கிப் படுத்துவிடும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது, அதுதான் சரியான எடை.

கேள்வி: தயிர் சாதமே நல்ல புரோபயாட்டிக், பவுடர் எதற்கு என்கிறார் என் மாமனார். சரியா? – வியாசர்பாடி

பதில்: தயிர் சாதம் கெடுதல் இல்லை, பாலை விடத் தயிர் நாய்க்குச் சுலபமாகச் செரிக்கும், கோடையில் குடிக்கிற தண்ணீரோடு அதுவும் கொஞ்சம் சேரும். ஆனால் தயிரில் இருக்கும் பாக்டீரியா நாயின் குடலில் தங்காது, பேதிக்கு மருந்தாகவும் ஆகாது. உழைக்கிற நாய்க்கு அதையே முழுச் சாப்பாடாகப் போட்டால் புரதம் பத்தாமல் தசை கரையும். மாமனார் ஆசைக்கு மதியம் ரெண்டு கரண்டி கொடுக்கட்டும், ஊறுகாய் மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குடோன் நாய் ஓடிவிட்டு வந்து நொண்டினால் வாட்ச்மேன் அவருடைய வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறார். மறுநாள் ஓடுகிறது. ஆனால் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. – மாதவரம்

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் இரைப்பையில் ஓட்டை விழுகிற அளவுக்குப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஒரு அளவுக்கு மேல் போனால் கல்லீரலைத் தீர்த்துவிடும். ஓட்டத்தால் ஏற்கெனவே ரத்தம் குறைந்து கிடக்கும் இரைப்பையில் இந்த மாத்திரை விழுந்தால் சேதம் இரட்டிப்பு. கூடவே யாராவது ஸ்டீராய்டு ஊசியும் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். சாப்பாட்டில் வெறுப்பு, கறுப்பு மலம், காப்பித்தூள் மாதிரி வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் அவசரம். வாட்ச்மேன் பாசத்தில்தான் செய்திருக்கிறார், அவரைத் திட்ட வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று அவரிடம் சரியாகக் கேட்டு, அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், சிகிச்சைக்கு அந்தத் தகவல் ரொம்ப முக்கியம்.

கேள்வி: மூன்று வயது ஜெர்மன் ஷெப்பர்ட். இரண்டு ஆள் சாப்பாடு தின்கிறது, எலும்பும் தோலுமாக இருக்கிறது. குவியல் குவியலாகப் போகிறது, வெளிறிய மஞ்சள், எண்ணெய்ப் பசை. தன் மலத்தைத் தானே தின்கிறது. பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது, மூன்று வகை சப்ளிமெண்ட் மாற்றியாகிவிட்டது. ஓட்டம் அதிகமாகிவிட்டதா? – திருவொற்றியூர்

பதில்: ஓட்டத்தின் மேல் பழி போடாதீர்கள், சப்ளிமெண்டுக்கும் இனிச் செலவு செய்யாதீர்கள். நீங்கள் எழுதிய அத்தனையும் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோயின் அடையாளங்கள், ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு இது பரம்பரையாகவே அதிகம். தின்றது செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது, நாய் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் அந்த வெறிப் பசி, அதனால்தான் மலத்தையும் விடுவதில்லை. அடிக்காதீர்கள், அது பசியில் செய்கிறது. டிஎல்ஐ என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், அதில் தெரிந்துவிடும். பி12 அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் குறைந்திருக்கும், ஊசி போட வேண்டியிருக்கும்.

உறுதியானால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டில் நொதிப் பொடி கலக்க வேண்டும். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, ஆரோக்கியமான கால்நடையின் கணையத்தைப் பச்சையாக வாங்கி, பொடியாக நறுக்கி, வேளைக்கு வேளை தனிப் பொட்டலமாக ஃபிரீசரில் வைத்துக் கலந்து கொடுப்பது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் கறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார். வேகவைத்தால் நொதி செத்துவிடும், ஆகவே பச்சையாகத்தான். அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆரம்பித்த சில வாரத்திலேயே மலம் சேர்ந்து வர ஆரம்பிக்கும், எடையும் ஏறும். உடம்பு தேறும் வரை டூட்டி வேண்டாம், தெருவைச் சுற்றி ஒரு நடை போதும்.

கேள்வி: மழைக்காலம் வந்தாலே எங்கள் ஷெட் நாய்களுக்குப் பேதி. ஒவ்வொரு தடவையும் மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கி மூன்று நாள் கொடுத்தால் நின்றுவிடும், ரெண்டு வாரத்தில் மறுபடி வரும். டோஸை ஏற்றலாமா? – லாரி ஷெட் உரிமையாளர், எண்ணூர்

பதில்: ஏற்றாதீர்கள், கொடுப்பதையும் நிறுத்துங்கள். சாதாரணப் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றுதான் 2024இல் ஐரோப்பாவில் வெளியான சிகிச்சை வழிகாட்டுதலும் சொல்கிறது, நாய் சுறுசுறுப்பாக இருந்து தண்ணீரும் குடித்தால் அது தானாகவே சில நாளில் நிற்கும். மெட்ரோனிடசோல் பேதியைக் கிளப்பிய கிருமியோடு குடலுக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கூண்டோடு அழிக்கிறது, அவை பழையபடி வளர வாரக் கணக்காகும், சில நாய்களில் முழுசாகத் திரும்புவதே இல்லை. உங்கள் நாய்களுக்கு ரெண்டு வாரத்தில் திரும்பி வருவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் மட்டும் வருகிறது என்றால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஷெட்டில் தேங்கும் தண்ணீரையும் கால்வாய்ப் பக்கத்துத் தண்ணீரையும் நாய்கள் குடிக்கின்றனவா என்று பாருங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி அப்படித்தான் வருகிறது, எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வருகிறது, அது மனிதருக்கும் தொற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் படிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். லாரி ஷெட்டில் டீசலும் கிரீஸும் எப்போதும் தரையில் இருக்கும், நாய் காலை நக்கினால் அதுவும் வயிற்றுக்குத்தான் போகும். டூட்டி முடிந்ததும் நான்கு பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், குடிக்கக் கேன் தண்ணீரையோ கொதித்து ஆறியதையோ ஷெட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். லெப்டோ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும், மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். அடுத்த முறை பேதி வரும்போது மாத்திரைக்கு ஓடாமல் மூன்று நாள் மலத்தைச் சேகரித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஜியார்டியா ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. ஒரு நாளைக்கு மேல் வாந்தி நிற்காமல் இருந்தால், ரத்தம் கொட்டினால், நாய் எழுந்திருக்காமல் சுருண்டு படுத்தால், அல்லது தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே தூக்கிக்கொண்டு வாருங்கள்.